புதுப்பிப்பு: போர்ச் ரோஜாவில் இலை வெளிறியதற்குக் காரணம் சிலந்திப்பேன்

கோலாலம்பூரில் கார் போர்ச் கூரையடியில் உள்ள தொட்டி ரோஜாக்களில் இலை பொடிப்பொடியாக வெளிறி உதிர்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

கரும்புள்ளி என்ற பூஞ்சை நோய் என்று நினைத்து அடித்த மருந்து பலிக்கவில்லை. இது அந்த நோயே அல்ல. வெள்ளைத் தாள்மேல் இலையைத் தட்டிப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் சரி. தாளில் புள்ளிகள் ஊர்ந்தன: இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப்பேன்கள். மழை படாத இடத்தில் சிலந்திப்பேன் வேகமாகப் பெருகும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்புறம் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினேன். இந்த வெக்கையில் முட்டை சில நாளிலேயே பொரிந்துவிடும், ஆகவே இடைவெளி விடக்கூடாது. வாரம் ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்பு. மூன்றாம் வாரம் துளிர் சுத்தமாக வந்தது.

எதிர்பாராதது: அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சிக்காக முன்பு ஊற்றிய இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து சிலந்திப்பேனைக் கொல்லாது, பெருகவும் விடும். நிறுத்திவிட்டேன். வெளிறிய பழைய இலை மறுபடி பச்சையாகாது. துளிரை மட்டும் பாருங்கள்.