பெரியப்பாவின் பழைய 207: என்ஜின் ஓடுகிறது, ஸ்டீயரிங் வழிக்கு வரவில்லை

அரச்சலூர் தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி டாடா 207 டி.ஐ. சரக்கு பிக்கப், 2004 மாடல், பவர் ஸ்டீயரிங் கிடையாது. பெரியப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் வருஷக்கணக்காக நின்றுவிட்டது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது, எனக்கு மனசு வரவில்லை. எங்கள் தேங்காய்ப் பருப்பு அத்தனையும் அவல்பூந்துறை ஏலத்துக்கு அந்த வண்டியில்தான் போயிருக்கிறது. இனியும் அதில்தான் போக வேண்டும் என்று ஆசை.

என்ஜின் வேலை முடிந்தது. டேங்கைக் கழற்றிப் பழைய டீசலைக் கொட்டிக் கழுவினோம். பில்டர்களை மாற்றி, கை பம்பு அடித்து ஏர் எடுத்து, ஆயிலும் பேட்டரியும் புதிதாகப் போட்டோம். ஏர் பில்டர் டப்பாவுக்குள் எலி கூடு கட்டியிருந்தது; சாக்கு நாரும் வேப்பங்கொட்டையுமாக ஒரு கை அள்ள வேண்டியிருந்தது. செல்ஃப் அடித்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விட்டு, அப்புறம் சீராக ஓட ஆரம்பித்துவிட்டது. பிரேக்கில் வீல் சிலிண்டர்கள், ஹோஸ் எல்லாம் மாற்றியாச்சு.

தொல்லை ஸ்டீயரிங்கில்தான். நேராகப் போகும்போது ஒரு சாண் திருப்பினால்தான் சக்கரம் அசைகிறது. ஆனால் வளைக்கும்போது இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கிறது, வளைத்த பிறகு தானாகத் திரும்பி வருவதில்லை. எப்போதும் இடது பக்கம் இழுக்கிறது. 40 தாண்டி ஒரு குழியில் இறங்கினால் முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிறது. வீல் அலைன்மெண்ட் பார்த்தாச்சு. ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸில் இருக்கும் திருகை இறுக்கிக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் இன்னும் கனமாகிவிட்டது. பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

நொய்யல் கரை:

டயர் எந்த வருஷத்தது தம்பி? பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 1015 என்று இருந்தால் 2015-ஆம் வருஷம் பத்தாவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் நின்ற இடத்திலேயே ரப்பர் காய்ந்து ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். சக்கரம் படபடவென்று அடிப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

அரச்சலூர் தோட்டம்:

முன்னால் இரண்டும் புது டயர் போட்டு பேலன்சிங்கும் செய்தாச்சுங்க அண்ணா. அந்தப் படபடப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பவானி 33:

பேசாமல் கோவை உக்கடத்தில் பவர் ஸ்டீயரிங் செட் ஒன்று எடுத்து மாட்டிவிடுங்க. கனம் என்ற பேச்சே இருக்காது.

பெருந்துறை பட்டறை:

தம்பி, பாக்ஸையும் மாற்ற வேண்டாம், பவரும் மாட்ட வேண்டாம், முதலில் பொறுமையாகப் பாருங்க. பவர் மாட்டினால் கனம் கைக்குத் தெரியாமல் போகும், ஆனால் காரணம் கீழே அப்படியே இருக்கும். முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்புவது கிங் பின் என்ற ஆணியில்தான்; இறுகிப்போன அந்த கிங் பின்னைப் பவர் தள்ளிக்கொண்டு போனால் அந்த பாரம் முழுக்க ஜாயிண்டுகள் மேல்தான் விழும்.

ஒரு சாண் திருப்பியும் சக்கரம் அசையாத ஆட்டமும் இருக்கிறது, வளைக்கும்போது இறுக்கமும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் தேடணும்.

ஆட்டத்தைப் பார்க்க வண்டியை ஜாக்கியில் தூக்காதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் நிற்கட்டும், என்ஜின் அணைந்திருக்கட்டும், பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட் மேலும் விரலை வைத்துப் பாருங்க. பாக்ஸிலிருந்து வரும் கை டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு டிராக் லிங்க், அடுத்து இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் எண்டு இரண்டும். ராடு அசைந்து அடுத்த துண்டு அசையாமல் நிற்கும் இடம் எதுவோ, ஆட்டம் அங்கேதான். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. பாக்ஸ் சட்டத்தோடு சேரும் போல்ட்டையும் பாருங்க. பாக்ஸே நகர்ந்தால் வேறெதை மாற்றியும் பயனில்லை.

இறுக்கத்துக்கு இப்போது முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்க. டிராக் லிங்க்கை ஒரு முனையில் கழற்றுங்க. சக்கரத்தைக் கையால் பிடித்துத் திருப்பினால் லேசாகத் திரும்பணும். திரும்பவில்லை என்றால் கிங் பின் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சக்கரம் லேசாகத் திரும்பி, ஸ்டீயரிங் கனமாக இருந்தால் பாக்ஸ். ஒரு மணி நேர வேலை, ஆயிரக்கணக்கில் காசு மிச்சம்.

பாக்ஸ் திருகைப் பற்றி ஒன்று சொல்லணும். பாக்ஸுக்குள் இருக்கும் பல்லுக்கு நேர்க்கோட்டு நிலையில்தான் இடைவெளி மிகக் குறைவு, வளைக்க வளைக்க கூடும். கீழே ஜாயிண்டில் இருக்கும் ஆட்டத்தை மேலே திருகில் இறுக்கி மறைத்தால் நடுவில் பல் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பாததற்கு இதுவும் சேர்ந்திருக்கும். லிங்க் கழற்றியிருக்கும்போதே திருப்பிப் பாருங்க. நடுவில் மட்டும் பிடித்து ஓரங்களில் லூசாக இருந்தால் திருகைத் தளர்த்தணும். கியர் ஆயில் இருக்கிறதா என்றும் திறந்து பாருங்க, நின்ற வண்டியில் சீல் வழியாக ஒழுகிக் காலியாகியிருக்கும்.

தூக்கியிருக்கும்போதே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருத்தரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்னைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ்.

இடது இழுப்புக்கு ஒரு நாடா போதும். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்க. வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்து அச்சு நகர்ந்திருக்கும்.

பவானி 33:

டிராக் லிங்க் முனையில் இருக்கும் பால், அதாவது உருண்டை, தேய்ந்திருந்தால் அது உட்காரும் கப்பைச் சுற்றித் தட்டி இறுக்கிவிடலாமே? எங்கள் பக்கம் செய்கிறார்கள்.

பெருந்துறை பட்டறை:

செய்யவே கூடாதுங்க. தேய்ந்த பால் உருண்டையாக இருக்காது. தட்டி இறுக்கினால் நேராக இருக்கும்போது சரியாகத் தெரியும், முழுசாக வளைக்கும்போது பிடிக்கும், இல்லையென்றால் கழன்று விழும். வெல்டிங் வைப்பதும் அதே கதைதான். ஸ்டீயரிங் ராடு கழன்றால் ஓட்டுகிறவர் கையில் எதுவுமே இல்லை. திம்பம் மலைப்பாதையில் இருக்கும் 27 கொண்டை ஊசி வளைவில் ஒன்றில் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்க. புதுசு வாங்கிப் போடுங்க.

சங்ககிரி லாரி:

எப்.சி., அதாவது தகுதிச் சான்று, இருக்கிறதா தம்பி? எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எடுக்கணும். எப்.சி.யும் இன்சூரன்ஸும் இல்லாமல் தார் ரோட்டில் ஏறாதீர்கள், சோதனையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்க. மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி ஸ்டீயரிங்கைப் பற்றியது. ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, பால் ஜாயிண்டுக்கு ரப்பர் மூடி இருக்கணும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்கணும். நம்ம ஸ்டீயரிங் வட்டத்தில் 30 டிகிரி என்பது ஏறக்குறைய நாலு அங்குலம். நீங்கள் சொல்லும் ஒரு சாண் அதைப் போல இரண்டு மடங்கு. பட்டறைக் கணக்கில் அந்த நாலு அங்குலமே அதிகம்.

அரச்சலூர் தோட்டம்:

பட்டறை அண்ணா சொன்னபடியே மச்சானை உள்ளே உட்கார வைத்துப் பார்த்தோமுங்க. டிராக் லிங்க் முன் ஜாயிண்டில் விரல் வைத்ததுமே தெரிந்தது. ராடு அரை அங்குலம் போய் வருகிறது, ஆர்ம் அசையவே இல்லை. ரப்பர் மூடி கிழிந்து உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்மண்தான் இருந்தது. லிங்க்கைக் கழற்றிவிட்டு, டை ராடையும் ஒரு பக்கம் எடுத்துவிட்டுத் திருப்பினால் வலது சக்கரம் சுலபமாகத் திரும்புகிறது, ஆனால் பிரேக் மிதித்தும் மேலும் கீழும் ஆடுகிறது. இடது சக்கரம் இரண்டு பேர் பிடித்தாலும் நகர மாட்டேன் என்கிறது. பாக்ஸ் நடுவில் பிடிக்கத்தான் செய்தது. திருகைத் தளர்த்தினதும் ஒரே சீராகச் சுற்றுகிறது. அளந்து பார்த்தால் இடது பக்கம் முக்கால் அங்குலம் குறைவு. சென்டர் போல்ட் தலை உடைந்து போயிருக்கிறது.

இடது கிங் பின்னுக்கு கிரீஸ் அடித்தால் நிப்பிளிலேயே வழிகிறது. டீசல் ஊற்றி ஊற வைத்தால் இளகுமா, இல்லை மாற்றியே ஆகணுமா?

கணபதி லேத்:

இளகினாலும் நிற்காதுங்க. நிப்பிளைக் கழற்றிக் கம்பியால் குத்திப் பார்த்தால் உள்ளே கிரீஸ் மெழுகாகக் கெட்டியாகியிருக்கும். கிங் பின்னில் ஏறிய துரு புஷ்ஷை அரித்திருக்கும். வலதும் ஆடுகிறது என்பதால் இரண்டு பக்கமும் கிங் பின் கிட் மாற்றிவிடுங்க.

கிங் பின்னை அடித்து எடுக்கும் முன் அதை நடுவில் பூட்டியிருக்கும் கோட்டர் பின்னை எடுக்கணும். அதை விட்டுவிட்டுச் சம்மட்டி போட்டால் அச்சுக் கண் கெட்டுவிடும். முடியாவிட்டால் அச்சோடு கொண்டுபோய் பிரஸ்ஸில் தள்ளச் சொல்லுங்க. காஸ் வைத்துச் சூடு காட்ட விடாதீர்கள். புது புஷ் ஏற்றும்போது அதன் கிரீஸ் ஓட்டையும், சக்கரத்தோடு திரும்பும் நக்கிளில் இருக்கும் ஓட்டையும் நேராக நிற்கணும், மாறினால் எத்தனை கிரீஸ் அடித்தாலும் பின்னுக்குப் போகாது. ஏற்றிய பிறகு மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் உள் துளையைச் சீவும் ஒரே நீள ரீமரில் ஒரே கோட்டில் ரீமர் போடணும். தனித்தனியாகப் போட்டால் கிங் பின் சாய்ந்து மறுபடி இறுகும். பாரம் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் மூடிய பக்கம் எது என்று பார்த்து வையுங்க, மேலே இருக்கும் இடைவெளிக்கு ஷிம் தகடு போடுங்க. சரியாக அமைந்தால் நக்கிளை ஒரு கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு திரும்பும்.

அரச்சலூர் தோட்டம்:

வேலை முடிந்ததுங்க. இடது கிங் பின் வெளியே வந்தபோது ஒரு பக்கம் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு, மறுபக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. வலது புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. இரண்டு கிட், டிராக் லிங்க், டை ராட் எண்டு இரண்டு, சென்டர் போல்ட், பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட் எல்லாம் புதுசு. வாய்க்கால் கரை மண் பாதையில் ஓட்டினேன். ஒரு கையால் வளைகிறது, விட்டால் தானாகத் திரும்புகிறது. குழியில் இறக்கியும் பார்த்தேன், சக்கரம் அடிக்கவே இல்லை. பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் கூட்டிப் போனேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். உங்க எல்லாருக்கும் மனசார நன்றிங்க.

இனி அலைன்மெண்ட் மறுபடி பார்க்கணுமா?

பெருந்துறை பட்டறை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. கட்டாயம் பார்க்கணும், டை ராட் எண்டு மாறிவிட்டதே. இந்த மாதிரி ஒரே துண்டான பீம் அச்சில் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, அச்சோடு பிறந்தது. அலைன்மெண்டில் திருகக் கிடைப்பது டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளே வெளியே பார்க்கும் அளவு, மட்டும்தான். அதனால்தான் முன்னால் நீங்கள் செய்ததில் எதுவும் மாறவில்லை. டோ வைத்த பிறகு டை ராட் கிளாம்ப் இரண்டும் இறுகியிருக்கிறதா, ஒவ்வொரு கேசல் நட்டிலும் ஸ்பிளிட் பின் விரிந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்க. கொஞ்சம் பாரம் ஏற்றி ஓடின பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்க, புதுசு நிச்சயம் தளரும். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது அச்சைத் தூக்கிக்கொண்டு அடியுங்க. பாரம் உட்கார்ந்திருந்தால் த்ரஸ்ட் பேரிங் பக்கம் கிரீஸ் போகாது. பழைய கிரீஸ் வெளியே தள்ளி, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்கணும்.