அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு: பவானிக் கரையையும் ஊர்களையும் பார்க்க இரண்டு நாள் போதுமா?

நொய்யல்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வசிக்கும் நாங்கள், அறுபது வயதைக் கடந்த பெற்றோரையும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு டிசம்பர் விடுமுறையில் கேரளத்தின் அட்டப்பாடிக்குச் செல்ல எண்ணியுள்ளோம். நாம் குடிக்கும் சிறுவாணித் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று மகள் ஒரு நாள் கேட்டாள். அதற்கு ஒழுங்காக விடை சொல்ல முடியாமல் போனதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். ஆனைகட்டி வழியாகச் செல்வது நல்லதா, மண்ணார்க்காடு வழியாகச் செல்வது நல்லதா? அமைதிப் பள்ளத்தாக்கையும் (சைலன்ட் வேலி) இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாமா? இன்னொரு தயக்கமும் உண்டு. பழங்குடி ஊர் ஒன்றுக்குள் கூட்டிச் சென்று ஆட்டம் பாட்டம் காட்டுவதாகப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் சொல்கிறார். அது முறையானதுதானா என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மலைச்சரிவு:

ஆனைகட்டி வழியாகவே செல்லுங்கள். கோவையிலிருந்து ஆனைகட்டி ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுதான். மண்ணார்க்காட்டுப் பக்கம் மலைப்பாதை வளைவுகள் அதிகம், வயதானவர்களுக்குத் தலைசுற்றும். ஆனைகட்டியிலிருந்து அகளி, தாவளம், முக்காலி என்று மேற்கே போகப் போக நிலம் கண்ணெதிரே மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மலையின் மறைவில் கிடக்கும் கிழக்குப் பகுதி ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழைகூடக் காணாத வறண்ட சரிவு. முக்காலிப் பக்கமோ 3,000 மி.மீ.க்கு மேல் மழை பெறும் பசுங்காடு. ஒரே பள்ளத்தாக்குக்குள் இத்தனை வேறுபாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உங்கள் மகளின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. அங்கு தேங்கும் நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கோவைக்கு வருகிறது. அணைக்குக் கீழே ஓடும் ஆறு அட்டப்பாடிக்குள் இறங்கிப் பவானியோடு கலக்கிறது. பவானி கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, பில்லூர் அணையைத் தாண்டி, கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்றே மூன்று. அவற்றில் இது ஒன்று. அதே மலைத்தொடரில் பிறக்கும் குந்திப்புழையோ மேற்கே ஓடிப் பாரதப்புழையில் சேர்ந்துவிடுகிறது.

அந்தக் குந்திப்புழையைத் தடுத்து நீர்மின் அணை கட்டுவதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாகத்தான் அமைதிப் பள்ளத்தாக்கு 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். முக்காலியிலிருந்து சைரந்திரி வரை 23 கி.மீ.; உங்கள் காரை உள்ளே விடமாட்டார்கள், வனத்துறை அனுமதிக்கும் வண்டியில்தான் போக வேண்டும். விடுமுறை நாட்களில் இடம் கிடைப்பது அரிது என்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள். சிங்கவால் குரங்கைப் பார்க்க முடியும் என்று பிள்ளைகளுக்கு மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்!

அகளிவாசி:

பாதையைப் பற்றி மேலே உள்ளவர் விளக்கிவிட்டார். நான் ஊர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அகளியில் பல ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவன் நான்.

இங்கு இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று சமூகத்தினர் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் வாழ்கின்றனர். ஒவ்வொரு ஊருக்கும் தலைவராக ஒரு மூப்பன் உண்டு. அவருக்குத் துணையாகக் குறுதலை, பண்டாரி, மண்ணுக்காரன் என்று பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். இவர்களுள் மண்ணுக்காரன் விதைப்பு, அறுவடை போன்ற நிலத்துக் காரியங்களைப் பார்ப்பவர். ஊர் என்பது இவ்வாறு ஒழுங்கோடு இயங்கும் குடியிருப்பு. பிறர் வீட்டு முற்றத்துக்குள் அழைப்பில்லாமல் நாம் நுழைவோமா? படமெடுக்கும் கருவியோடு வண்டி வண்டியாக வந்து இறங்குபவர்களைப் பார்த்து ஊர் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். புதூர்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் குறும்பர் ஊர்களுக்குச் செல்ல முயலவே வேண்டாம்.

1951-இல் அட்டப்பாடி மக்களில் 100-க்கு 90 பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. குடியேறியவர்களிடம் நிலத்தை இழந்த வரலாறு அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. 2013-இல் குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அவர்களைக் காசுக்கு ஆடவைத்துக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆட்டமும் பாட்டும் இல்லாத சமூகமல்ல இது. 2020-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்வான நஞ்சியம்மா இங்குள்ள இருளர் சமூகத்தவர்தான். ஆனால் பாட்டு அவர்களுக்குச் சாவிலும் சடங்கிலும் விதைப்பிலும் பிறப்பது.

நொய்யல்கரை:

மிக்க நன்றி ஐயா. ஏற்பாட்டாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊருக்குள் நுழையாமலே அந்த மக்களோடு நாலு வார்த்தை பேச வழி உண்டா?

அகளிவாசி:

உண்டு. கடைத்தெருவில் காலையில் நில்லுங்கள். கீரையும் தேனும் கொண்டுவருபவர்களிடம் வாங்குங்கள். நீங்கள் பேசும் தமிழ் இருளருக்குப் புரியும். அவர்கள் மொழி நம்முடையதற்கு நெருங்கிய உறவு என்பதால் காதைத் தீட்டிக்கொண்டால் உங்களுக்கும் பாதி விளங்கும். அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் புவிசார் குறியீடு பெற்றவை, கிடைத்தால் விடாதீர்கள். ஆட்டின் கொம்பைப் போல வளைந்திருக்கும் அந்த அவரையைப் பார்த்ததும் பெயர்க்காரணம் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். சாலையோரத்தில் மேயும் கறுப்பு ஆடுகளும் அட்டப்பாடிக்கே உரிய இனம்.

செம்மண்ணூரில் பவானிக் கரையில் நின்றால் மல்லீஸ்வரன் முடி என்ற சிகரம் தெரியும். மகா சிவராத்திரியன்று நோன்பிருந்த பழங்குடியினர் அதன் உச்சிக்கு ஏறி விளக்கேற்றுவது வழக்கம். நீங்கள் போவது டிசம்பர் என்பதால் அதைக் காண முடியாது. கரையில் அமர்ந்து அந்த முடியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், உங்கள் பெற்றோருக்கும் ஏறி இறங்கும் சிரமம் இல்லை. ஆற்றில் இறங்குவதானால் உள்ளூர்க்காரரைக் கேட்டு இறங்குங்கள், பாறை வழுக்கும்.

மலைச்சரிவு:

ஒன்று மறந்துவிட்டேன். திரும்பும்போது இருட்டுவதற்கு முன்பே ஆனைகட்டியைக் கடந்துவிடுங்கள். அந்தச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு.