ஆம்பளைகள் சயாமுக்குப் போன பிறகு தோட்டத்தில் என்ன நடந்தது?

பேராக் பேத்தி:

சயாம் மரண ரயில், அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் நம் மலாயா ரப்பர் தோட்டத்து ஆட்களையும் பிடித்துப்போய் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போடவைத்த ரயில் பாதை, என்று பேச்செடுத்தாலே போனவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். காலரா, மலேரியா, 415 கிலோமீட்டர் தண்டவாளம். நியாயம்தான், திரும்பாதவர்கள் அத்தனை பேர். ஆனால் தோட்டத்தில் மிச்சம் இருந்தது யார்? பெரும்பாலும் பெண்கள், கிழவர்கள், பிள்ளைகள். ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள், அதனால் ஏதாவது மாறியதா என்று உங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். என் அப்பாயி ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர், போருக்கு முன்னாலேயே பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர். போர் வந்துதான் பெண்கள் வேலைக்குப் போனார்கள் என்கிற இங்கிலாந்துக் கதையை நமக்கும் அப்படியே ஒட்டுகிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். நம் பாட்டிகள் விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று, பிள்ளையைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு நிரைக்கு, தங்கள் மர வரிசைக்கு, போனவர்கள்தானே. கூலிதான் சமம் இல்லை. 1920களின் கடைசியில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. எங்கள் வீட்டில் அந்த 40 காசையும் தாத்தாதான் வாங்கிக்கொள்வாராம்.

1943இல் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லை, அரிசி வரத்தும் நின்றுபோனது. மரத்தைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். கோடாரி பிடிப்பது, வேர் தோண்டுவது எல்லாம் அதுவரை ஆம்பளை வேலை. அதை லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பெண்கள் செய்தார்கள். கிழங்கை டவுனுக்குச் சுமந்துபோய் உப்புக்கும் துணிக்கும் மாற்றி வருவது அப்பாயியின் பொறுப்பு. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை அவர் கடைசிவரை நம்பவில்லை, பண்டத்துக்குப் பண்டம்தான். 1945இல் அந்த நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போனபோது லயத்தில் ரொம்ப அடிபடாதது எங்கள் வீடுதானாம்.

தாத்தா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வந்த பிறகும் வீட்டுக் காசு அப்பாயி முந்தானையில்தான் இருந்தது, தாத்தா அதைக் கேட்கவும் இல்லை.

கிள்ளான்காரன்:

அக்கா, உங்கள் தாத்தா வந்தார். எங்கள் ஆத்தா, பாட்டியைச் சொல்கிறேன், அவர் புருஷன் வரவில்லை.

போர் முடிந்து வெள்ளைக்காரத் துரைமார் திரும்பினார்கள், மறுபடி பெரட்டு, மறுபடி பெண்ணுக்குக் குறைந்த கூலி. கோடாரி பிடித்ததற்கெல்லாம் கணக்கு இல்லை. ஆம்பளை இல்லாத வீட்டைத் தோட்டத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கங்காணி (மேற்பார்வை ஆள்) ஒரு பேச்சு, பக்கத்து வீடு ஒரு பேச்சு. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளித்துப் பார்த்துவிட்டு, வேறு தோட்டத்து ஆள் ஒருவரைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்தை எங்கள் குடும்பம் ரொம்ப நாள் மறைத்தது. பெரிய மாமாவின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும். சயாமில் செத்தவர்களுக்கு ஞாபகச் சின்னம் கேட்கிறோம், சரி. ஆனால் போர் நம் பெண்களை நிமிர்த்திவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சிங்கப்பூர் வாசகி:

நான் ஒரு ஜான்சி ராணிப் படை, அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் படையில் இருந்த பாட்டியைப் பார்த்துப் பேசியிருக்கிறேன், கோயில் அன்னதானத்தில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர். நேதாஜி, சுதந்திரம் என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்ன முதல் காரணம், வீட்டில் அவசரமாகக் கல்யாணம் பேசினார்கள் என்பது! ஜப்பான் சிப்பாய்க்குப் பயந்து வயசுப் பெண்களை அப்போது சீக்கிரம் கட்டிக்கொடுத்தார்களாம். அதற்குப் பட்டாளமே மேல் என்று தோன்றியிருக்கிறது.

1943 அக்டோபர் 22, சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் படையின் முகாம் திறந்தது. தலைமை கேப்டன் லட்சுமி, மெட்ராசில் டாக்டருக்குப் படித்து 1940இல் இங்கே வந்தவர். படையில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பலருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. முடியை வெட்டி, கால்சட்டை போட்டு, துப்பாக்கி தூக்கி அணிவகுத்தார்கள். பாட்டிக்குப் பெரிய அதிசயம் துப்பாக்கி இல்லை, எல்லாச் சாதியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பர்மா வரை போய் ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பிக் கல்யாணம் ஆனதும் மாமியார் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லையாம். பட்டாளத்துக்குப் போன பெண் என்றால் பெயர் கெட்டுவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே படையில் இருந்த ஜானகி தேவர் பிறகு மலேசிய மேலவை உறுப்பினர் ஆனார். ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் தொடங்கிச் சம ஊதியத்துக்குப் போராடினார். இருவரும் படித்த பெண்கள். படிப்பு இருந்தவர்களுக்குப் பட்டாளம் மேடை ஏறப் படியாக இருந்தது, தோட்டத்துப் பிள்ளைக்கு அது மறைக்க வேண்டிய விஷயம். ஆகவே கிள்ளான் அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

கெடா தோட்டத்துப் பையன்:

மற்றப் பாதிக்கு நான் வருகிறேன். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்துக் கோரிக்கைகளைப் பாருங்கள் அண்ணே, உங்கள் ஊர்தான். கூலியை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே. கூடவே எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே என்றும் இருந்தது. ‘எங்கள்’ பெண்கள், அதாவது கேட்டவர்கள் ஆம்பளைகள்.

இப்போது 1946, 47இல் எங்கள் கெடாவுக்கு வாருங்கள். தோட்டங்களில் கள்ளுக்கு எதிராகத் தொண்டர் படை கிளம்பியபோது கள்ளுக்கடை வாசலில் என் அம்மாச்சியே நின்றிருக்கிறார், கையில் விளக்குமாறு. உள்ளே போகப் பார்த்த சொந்தத் தம்பியையே திருப்பி அனுப்பினாராம் (அவர் பின்வழியாகப் போனது தனிக் கதை). எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று கேட்டேன். "ஜப்பான்காரன் காலத்துல இந்த வீட்டுக்குச் சோறு போட்டது யாரு, நான்தானே. அப்புறம் நான் கேக்காம யாரு கேப்பா?" என்றார்.

கூலி மாறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போருக்கு முன் அம்மாச்சி கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) நேரே பேசியதே இல்லை, தாத்தா வழியாகத்தான். போருக்குப் பிறகு ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போடுவார். உங்கள் ஆத்தாவும் ரெண்டாம் கல்யாணத்தைத் தானே முடிவு பண்ணினாரா, இல்லை யாராவது கட்டிவைத்தார்களா? கேட்டுப் பாருங்களேன்.

கிள்ளான்காரன்:

நல்ல கேள்வி தம்பி. பதில் தெரிந்தவர் பெரியத்தை ஒருவர்தான், அவரும் காலை நேரத்தில்தான் தெளிவாகப் பேசுவார். வருகிற ஞாயிறு போகிறேன். அந்தப் பேச்சை எடுத்தால் திட்டுவார், பரவாயில்லை, கேட்டுவிட்டு எழுதுகிறேன்.