புதுப்பிப்பு: கபடி ஆட்டத்தில் தம்பிக்கு விழுந்த குத்து

ஊர்க் கபடிப் போட்டியில் எதிரணி ஆள் தம்பியின் முகத்தில் குத்தி இரண்டு பல் உடைந்ததையும், புகார் நிற்குமா என்று கேட்டதையும் போன மாதம் எழுதியிருந்தேன். "களத்துல இறங்கினா அடி படத்தான் செய்யும்" என்றுதான் பலரும் சொன்னீர்கள்.

வக்கீலைப் பார்த்தோம். அந்த வாதத்துக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு (பழைய இ.பி.கோ. 87) அது. 18 வயது தாண்டியவர்கள் சம்மதித்து விளையாடும்போது, முறைகேடு இல்லாத ஆட்டத்தில் படும் காயம் குற்றமாகாது. பிடித்து அமுக்கும்போது தோள் விலகியிருந்தால் நாங்களும் பேசாமல் இருந்திருப்போம்.

ஆனால் தம்பி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான், நடுவர் விசிலும் ஊதிவிட்டார். அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறான், அப்போதுதான் குத்து விழுகிறது. சித்தப்பா பையன் போனில் எடுத்த வீடியோவில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்தக் குத்துக்கு அவன் எங்கே சம்மதம் கொடுத்தான்?

இன்னொன்று, பல் உடைந்தாலே சட்டப்படி கொடுங்காயம். அதே சன்ஹிதாவின் 117(2)ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு.

ஸ்டேஷனில் முதலில் பேசி முடிக்கச் சொன்னார்கள். அரசு மருத்துவமனையின் காயச் சான்றிதழும் வீடியோவும் கொடுத்த பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். பல் கட்டும் செலவுக்குத் தனியாக சிவில் வழக்கும் போடலாமாம். அப்பா யோசிக்கிறார். தம்பி இன்னும் கஞ்சிதான் குடிக்கிறான்.