எல்லாரும் விக்னா எதிர்க்கட்சி யாருங்க?

ஈசூன் வாசி:
லைப்ரரில 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பத்தி ஒரு தடிமனான புத்தகம் எடுத்தேன், எம்ஆர்டில ஏறி சிட்டி ஹால் வர்றதுக்குள்ள தல சுத்திருது. ஸ்கூல்ல விக், டோரினு ரெண்டு கட்சினுதான் படிச்சேன். இதுல ராக்கிங்ஹாம் ஆளு, பெட்ஃபோர்ட் ஆளு, கிரென்வில் ஆளுனு போய்க்கிட்டே இருக்கு, எல்லாரும் விக்காம். யாராவது புரியவைங்களேன்.

கோப்பி ஓ கோசோங்:
இப்ப உள்ள கட்சிய மனசுல வச்சுப் படிச்சா குழம்பத்தான் செய்யும். அப்ப உறுப்பினர் அட்டை, சின்னம் ஒண்ணும் கிடையாது. 1714க்கு அப்புறம் டோரிங்கள ராஜா கிட்டவே சேக்கல, பதவி வேணும்னா விக்தான், அதனால சண்டை அதுக்குள்ளயே வந்துருச்சு. நம்ம ஊர்ல அணினு சொல்றமே அதான், ஒரு பிரபு, அவர் கைல சில தொகுதி, அதுல நிக்கிறது சொந்தக்காரங்க கூட்டாளிங்க. 1765ல அமெரிக்காவுக்கு ஸ்டாம்ப் வரி போட்டது அப்ப பிரதமரா இருந்த கிரென்வில், மறு வருஷமே ரத்து பண்ணது அடுத்து வந்த பிரதமர் ராக்கிங்ஹாம், ரெண்டு பேரும் விக்! பெட்ஃபோர்ட் கோஷ்டி பதவி கிடைச்சா யார் கூடவும் போவாங்க, அவங்கள பத்தி அவ்ளோதான்.

தஞ்சாவூர் பேரன்:
இதுல நம்ம ஊர் காசும் இருக்கு லா. ஆற்காடு நவாபுக்கு மெட்ராஸ்ல வட்டிக்குக் கடன் குடுத்தானே பால் பென்ஃபீல்டு, கிழக்கிந்தியக் கம்பெனி ஆளு, அவன் 1780ல கிரிக்லேடு தொகுதி எம்பி ஆயிட்டான். தன்னையும் சேத்து எட்டு எம்பிங்கள அவன் உள்ள கொண்டு வந்தான்னு 1785ல சபையிலயே போட்டு உடைச்சார் எட்மண்ட் பர்க்னு ஒரு எம்பி, அவரு ராக்கிங்ஹாம் அணி. அந்தக் கடனுக்குப் பதிலா, நவாபு பிடிச்சு வச்சிருந்த தஞ்சாவூர் விளைச்சல் மேலயே பாத்தியதை கேட்டான் பென்ஃபீல்டு. வயல்ல நின்ன நெல்லுங்க அது.

ஈசூன் வாசி:
ஐயோ, இது என் புத்தகத்துல வரவே இல்லியே. ராஜா சும்மா வேடிக்கை பாத்தாரா?

கோப்பி ஓ கோசோங்:
எங்க! 1783ல, அமெரிக்கப் போர் நேரத்துல பிரதமரா இருந்த நார்த் பிரபுவ கிழிகிழின்னு கிழிச்ச ஃபாக்ஸ்னு ஒரு விக் தலைவர், அவரு கூடயே கூட்டணி போட்டு ஆட்சிக்கு வந்து, கம்பெனிய அடக்க ஒரு மசோதாவ மக்களவைல நிறைவேத்திட்டார். பிரபுக்கள் சபைல இதுக்கு ஓட்டு போடறவன் எனக்கு எதிரினு ஜார்ஜ் ராஜா சொல்லி அனுப்புனார், டிசம்பர் 17ல மசோதா காலி, மறுநாள் ராத்திரியே ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டார். அடுத்து வந்த பிரதமர் பிட்டுக்கு வயசு 24. நம்ம பசங்க அந்த வயசுல பட்டம் வாங்கி வேலை தேடிக்கிட்டு இருப்பாங்க.