புதுப்பிப்பு: பாட்டியின் ஹார்லிக்ஸ் பாட்டில் காசு

கோத்தகிரி வீட்டுப் பரணில் பாட்டி விட்டுப்போன பாட்டில் நிறைய பழைய காசு இருக்கிறது, உலோக விலைக்காக இன்னும் வாங்கிச் சேர்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சேர்க்கப் போவதில்லை.

ஞாயிறு முழுக்க மழை. எல்லாவற்றையும் பாயில் கொட்டி, காந்தம் வைத்துப் பார்த்தேன். 1962-ஆம் ஆண்டு ரூபாய் டக்கென்று ஒட்டிக்கொண்டது: 10 கிராம் நிக்கல். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த கனமான 8 கிராம் ரூபாய் ஒட்டவில்லை. அதில் முக்கால் பங்கு செம்பு, மீதி நிக்கல். நூறு காசுக்கு 600 கிராம் செம்பு! ஒரு ரூபாயைவிட உலோகம் அதிகம் பெறும் என்பது சரிதான். ஆனால் செல்லுபடியாகும் காசை உருக்கினால் 2011 நாணயச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை. பழைய இரும்புக் கடைக்காரர் பார்த்ததுமே, "இது நமக்கு வேண்டாங்கண்ணே" என்றுவிட்டார்.

அடியில் கருத்துப்போய் இரண்டு கிடந்தன. 1918 ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, 1944-இல் பாதிதான். அந்த இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஒன்றை ஆசையில் புளி போட்டுத் தேய்த்துத் தொலைத்தேன். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு என்பதால் சேகரிப்பவர் எவரும் இனி அதைத் தொடமாட்டார்.