புதுப்பிப்பு: மழுங்கிய கத்தியைக் கடையில் கொடுத்தேன்

மழுங்கிய சமையலறைக் கத்தியைப் பழைய பாணிக் கத்திக் கடையில் சாணைக்குக் கொடுக்கலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொடுத்தேன். இப்போது நன்றாகவே வெட்டுகிறது.

அப்போது பலர் பயமுறுத்தியது சாணை பிடிக்கும்போது எழும் சூட்டைச் சொல்லித்தான். நியாயமான பயம். வேகமாகச் சுழலும் உலர்ந்த கல்லில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலம் பாரிக்கும். எஃகின் பதம், அதாவது கடினத்தன்மை, போய்விடும். அந்தப் பகுதியைத் தேய்த்து நீக்கும்வரை கூர் நிற்காது. இந்தக் கடைக்காரர் வைத்திருந்தது மெதுவாகச் சுழலும் ஈரக்கல். பிறகு 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு; எண் கூடக் கூட நுண்மை) கல்லில் கையால் தீட்டி, மறுபக்கம் எழும் மெல்லிய உலோகப் பிசிறை விரலால் தடவிப் பார்த்து, கடைசியில் தோல்வாரில் இழுத்தார். பிசிறை எடுக்காமலே கொடுப்பவர்களும் உண்டு. முதலில் அபாரமாக வெட்டும், அப்புறம் சட்டென மழுங்கும்.

விளிம்பை எந்தக் கோணத்தில் தீட்டினார் என்று கேட்டவருக்கு: ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 டிகிரி. ஜப்பானியக் கத்தி என்றால் 15 போதுமாம்.

ரம்பப்பல் கத்தியை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். சரிதான், அதை ஒவ்வொரு பள்ளமாக உருட்டுக் கம்பியால் தீட்ட வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?